மருந்துப்போலினா போலி மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, வடசென்னைல சின்ன ஆஸ்பத்திரிங்கள்ல கூட இப்ப கேன்சர் மருந்துக்கு டிரையல் பண்றாங்க, அதான் புது மருந்த நோயாளிங்களுக்கு குடுத்து சோதிக்கிறாங்க, ஏழைங்கள எலியாக்குறாங்க, உடனே நிறுத்தணும்னு. அவரு கோவத்துல பாதி நியாயம் இருக்கு. ஆனா நிறுத்தணும்ன்றத என்னால ஒத்துக்க முடியல, ஏன்னா எங்க மாமா, அக்கா வீட்டுக்காரரு, அப்டி ஒரு டிரையல்லதான் இருக்காரு.

காசிமேட்டுல போட்டுக்கு போனவரு, முட்டி போனதும் கரையில உக்காந்து வல பின்னிட்டிருந்தாரு. இருவது வருஷமா மாவா, அந்த புகையில கலந்த பாக்கு. கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு, இன்னிக்கு ஆறிடும் நாளைக்கு ஆறிடும்னு மூணு மாசம் ஓட்டி கடைசில காட்டுனா கேன்சர். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு போங்கன்னாங்க. 1954லருந்து இருக்குற இடம், அத பத்தி நான் ஒரு வார்த்த தப்பா சொல்ல மாட்டேன், ஆனா தண்டையார்பேட்டைலருந்து அது ஊருக்கு அந்த கோடி, மெட்ரோவுல பாதி தூரம் அப்புறம் பஸ்ஸு, அக்கா விடியக்காலைல ஏலத்துக்கு போய் மீன் எடுக்கலனா அன்னிக்கு வீட்டுல ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவ போனாங்க, மூணாவது தடவ மாமா நான் வரலனு படுத்துட்டாரு. அந்த நேரத்துலதான் எங்க ஏரியாவுலயே ஒரு ஆஸ்பத்திரில வழக்கமான கீமோவோட புது மருந்து ஒண்ணு சேத்து டிரையல் நடக்குதுனு தெரிஞ்சுது. நடந்து போற தூரம். அதுக்காகவே போனாரு, அதான் உண்ம.

பிரச்சன எங்க வந்துச்சுனா அந்த ஒப்புதல் படிவத்துல. பொடி எழுத்துல கத்தையா பேப்பர், தமிழ்லதான் இருக்கு, ஆனா அது யாரு பேசுற தமிழ்னு தெரியல. காரிடார்ல நிக்க வெச்சு அஞ்சு நிமிஷத்துல கையெழுத்து போடுங்கன்னாங்க. மாமா விரல வெச்சு வெச்சு படிச்சாரு, 'மருந்துப்போலி'ன்ற இடத்துல விரல் நின்னுடுச்சு. "இன்னாமா இது, போலி மருந்து குடுப்பேன்னு அவனே எழுதி வெச்சிருக்கான்?" அக்கா அழ ஆரம்பிச்சுட்டா. எனக்கும் பகீர்னுதான் ஆச்சு.

நல்ல வேள, வியாசர்பாடி பக்கத்துலருந்து வர்ற நர்சு ஒருத்தங்க பாத்துட்டு உக்கார வெச்சு சொன்னாங்க. அண்ணே, கீமோ எல்லாருக்கும் உண்டு, யாரையும் சும்மா விடல, அதுக்கு மேல பாதி பேருக்கு புது ஊசி, மீதி பேருக்கு பாக்க அதே மாதிரி ஆனா மருந்து இல்லாத ஊசி, அதத்தான் மருந்துப்போலின்றாங்க, யாருக்கு எதுன்றத குலுக்கல் சீட்டு மாதிரி கம்ப்யூட்டர் பிரிக்குது, டாக்டருக்கே தெரியாது, தெரிஞ்சா தனக்கு பிடிச்ச பக்கம் சாஞ்சுடுவாருல்ல. குலுக்கல் சீட்டுன்னதும் அக்கா கண்ண தொடச்சிக்கிட்டா, பத்து வருஷமா சீட்டு கட்டுறவ. அன்னிக்கு கையெழுத்து போடாம பேப்பர வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, ரெண்டு நாள் கழிச்சுதான் மாமா போட்டாரு.

எலினு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். டிபி வந்தா சானடோரியத்துலதான் படுக்கணும்னு இருந்த காலத்துல, 1956ல இதே மெட்ராஸ்ல 193 பேர ரெண்டா பிரிச்சு, வீட்டுல இருந்தே மாத்திர சாப்டாலும் குணமாகுதுனு 1959ல காட்டுனாங்க, அவங்கள்லாம் நம்மள மாதிரி இல்லாதப்பட்ட சனங்கதான். திண்டுக்கல் மாவட்டத்துல 2000ல ஆரம்பிச்ச டிரையல்ல அம்பிளிக்கைல இருக்குற ஆஸ்பத்திரியும் சேந்துச்சு, நர்சுங்க 30லருந்து 59 வயசு பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை வாயில வினிகர்ல இருக்குற அசிட்டிக் ஆசிட் தடவி கண்ணால பாத்தாங்க, மாறுதல் தெரிஞ்சவங்களுக்கு வைத்தியம் பண்ணாங்க, அவ்ளோதான், 2007ல ரிசல்ட் வந்தப்போ அந்த கேன்சர்னால வர்ற சாவு 35 சதவீதம் கம்மி. பெரிய ஊரு, பெரிய பில்டிங் எதுவும் வேண்டியிருக்கல.

சட்டமும் இருக்கு. 2019ல வந்த விதிப்படி புரியுற மொழில சொல்லணும், படிக்க தெரியாதவங்கன்னா சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும், ஒப்புதல் படிவத்தோட காப்பி நம்ம கையில குடுக்கணும், எப்ப வேணாலும் விலகிக்கலாம், டிரையல்னால உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுனா வைத்தியம் அவங்க செலவு, நஷ்ட ஈடும் உண்டு. டிரையல் நியாயமா நடக்குதானு பாக்குற எதிக்ஸ் கமிட்டில டாக்டர் இல்லாத சாதாரண ஆளும் ஒருத்தர் இருக்கணும். இதுல ஒண்ணு கூட எங்களுக்கு யாரும் வாயால சொல்லல, நானா தேடி படிச்சேன்.

இன்னொண்ணு. ரெண்டாவது ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மாமாவுக்கு குளிர் ஜுரம். பேப்பர்ல போட்டிருந்த அவசர நம்பருக்கு நாலு தடவ அடிச்சேன், அஞ்சாவது தடவ எடுத்தவரு இங்கிலீஷ்ல பேசுறாரு. கீமோ ஓடுறப்ப ஜுரம்னா காத்திருக்கக் கூடாதுனு நர்சு சொல்லியிருந்ததால ஆட்டோ புடிச்சு ஓடுனோம், பொழச்சாரு. அந்த ஆஸ்பத்திரி பேர நான் இங்க எழுத விரும்பல, ஆனா அவங்களுக்கு நாங்க யாருனு தெரியும். ராத்திரில தமிழ் பேசுற ஆள போன்ல உக்கார வைங்க, ஊசி போடுற அன்னிக்கு போற கூலிக்கு ஏதாவது பண்ணுங்க, பேப்பர வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சுட்டு வாங்கனு நீங்களே சொல்லுங்க.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் சார். இந்தியாவுல நடக்குற டிரையல் எல்லாத்தையும் சிடிஆர்ஐனு ஒரு அரசாங்க பதிவேட்டுல பதியணும், 2009லருந்து கட்டாயம், யார் வேணா காசில்லாம பாக்கலாம், ஆனா எல்லாம் இங்கிலீஷு. வடசென்னைல எந்த ஆஸ்பத்திரில எந்த கேன்சருக்கு நடக்குதுனு மாசத்துக்கு ஒரு தடவ கால் பக்கம் தமிழ்ல போடுங்களேன். எங்க தெரு டீக்கடைக்கு வர்றது உங்க பேப்பர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை