முக நரம்புக்கு ஒரு பத்தியாவது எழுதுங்கள்: மண்டை அடித்தள அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். முக நரம்பு எங்கே புறப்பட்டு எந்த வழியாக வெளியே வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அக்காவுக்கு வெஸ்டிபுலார் ஷ்வானோமா, அதாவது முக நரம்பை ஒட்டியே ஓடும் சமநிலை நரம்பில் வளர்கிற, புற்றல்லாத கட்டி. பெரிய கட்டி. முழுவதையும் எடுத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. இந்த மடல் அதன் பிறகு கைக்கு வந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பற்றியது. முக நரம்பைப் பற்றி அதில் இருந்தது ஒரே வரி: காக்கப்பட்டது.

அக்காவின் முகத்தில் வலது பாதி அசையவில்லை. இது நடக்கக்கூடியதுதான் என்று புரிகிறது. கட்டி வளர வளர அந்த நரம்பைப் பெரும்பாலும் முன்பக்கமாகத் தள்ளிவிடுகிறது. நீங்களோ காதுக்குப் பின்னாலிருந்து போகிறீர்கள். முதலில் கண்ணில் படுவது கட்டி. அதற்கு அப்பால்தான் ஏடுபோல் மெலிந்து விரிந்த நரம்பு. மூளைத் தண்டுக்கும், அது காது எலும்புக்குள் நுழையும் உட்செவிக் குழாய்க்கும் நடுவே அதற்கு வெளியுறைகூடக் கிடையாது. அறுபடாவிட்டாலும் இழுபட்டதிலேயே அது செயலிழக்கலாம். உள்ளே இழைகள் சேதமாகியிருந்தால், மறுபடி வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். காத்திருக்கச் சொன்னீர்கள், காத்திருக்கிறோம்.

கண்ணுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. இமை மூடவில்லை. கண்ணீரும் வற்றிவிட்டது, கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகள் முக நரம்பை ஒட்டி ஓடும் இடைநரம்பில்தானே இருக்கின்றன? முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் நரம்பையும் கட்டியின் மேல்பக்கம் அழுத்தியிருந்ததால் கருவிழியில் உணர்ச்சியும் போய்விட்டது. மூடாத கண், ஈரமில்லாத கண், தூசி விழுந்தாலும் வலிக்காத கண். சிவந்திருப்பதைப் பார்த்துப் பதறியது நாங்கள்தான். அக்காவுக்கு எதுவுமே தெரியவில்லை. கண் மருத்துவரிடம் போனபோது கருவிழியில் புண் வந்திருந்தது. ஐந்தாம் நரம்பு எப்படி இருக்கிறது, ஆபரேஷன் முடியும்போது முக நரம்பை மின்சாரத்தால் தூண்டியதற்கு முகத்தசை துடித்ததா என்று அவர் கேட்டார். இமைகளைக் கொஞ்ச காலம் தைத்து வைப்பதா, இமை மூட உதவும் தங்க எடையை மேல் இமைக்குள் வைப்பதா என்பதை முடிவு செய்ய அவருக்கு அது தேவைப்பட்டது. சம்மரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்த ஒரு வரிதான் இருந்தது.

நான் கேட்பது இதுதான். நரம்பை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். நரம்பு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருந்தது, எவ்வளவு மெலிந்திருந்தது, கடைசியில் மூளைத் தண்டருகே எத்தனை மில்லி ஆம்பியருக்குப் பதில் வந்தது? 0.05 போன்ற சிறு தூண்டலுக்கே முகத்தசை துடித்தால் நல்ல அறிகுறி என்பது உங்கள் துறையே சொல்வது. முகத்தின் அசைவைச் சொல்ல 1985 முதல் ஹவுஸ்-பிராக்மன் அளவுகோல் இருக்கிறது. 1 முதல் 6 வரை ஒரே ஒரு எண். அதை எழுதப் பேனா மை எவ்வளவு செலவாகும்? ஆஸ்பத்திரி பில்லில் பஞ்சு வரைக்கும் தனித்தனி வரி போட முடிகிறது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நரம்பியல் அறுவைப் பிரிவில் கேட்டால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கேட்டால் கண் பிரிவு. கண் பிரிவில் கேட்டால் மறுபடி நரம்பியல். அந்த நரம்பாவது எலும்புக்குள் இரண்டே இடத்தில்தான் வளைகிறது. கருத்தரங்குகளில் அதே நரம்பைப் பெரிய திரையில் பளபளவென்று காட்டுகிறீர்களாம். நல்லது. நோயாளியின் ஃபைலுக்கும் அதில் கொஞ்சம் வரட்டுமே.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை அது, முடித்ததும் எழுத உட்காரும்போது கை ஓய்ந்துபோயிருக்கும் என்று தெரியும். ஆனாலும் நரம்பின் நிலையை எழுதிக் கொடுங்கள். கருவிழி உணர்ச்சியையும் கண்ணீரையும் சோதித்து, வீட்டுக்கு அனுப்பும் முன்பே கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஓராண்டு ஆகியும் முகம் அசையாவிட்டால் வேறொரு நரம்பை இணைக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிவரும், தசைகள் மெலிந்துபோவதற்குள் அதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். அப்போது வருகிற மருத்துவரும் இதே கேள்விகளைத்தான் கேட்பார். அக்காவின் ஆபரேஷனில் முகத்தசைத் துடிப்பைப் பதிவுசெய்தபடி ஓடிய ஈஎம்ஜி மானிட்டரின் பதிவு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால், தயவுசெய்து அதில் ஒரு நகல் கொடுங்கள். ஃபைலில் நாங்களே சேர்த்துக்கொள்கிறோம்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் தம்பி