மதியம் விளையாடினால் காலையில் வந்த வலி பொய்யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) கட்டுரையில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வெயிலில் பிரேயர் முடிந்து வந்தால் சில நாள் முகம் வெளுத்துப்போய், புத்தகப் பையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சிலேயே சுருண்டுவிடுவாள். வாந்தியும் எடுப்பாள். லைட்டை அணைத்துப் படுக்கவைத்தால் தூங்கிப்போவாள். சத்துணவு மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். "பாத்தீங்களா டீச்சர், அத்தனையும் நடிப்பு" என்பார்கள். தூங்கி எழுந்ததும் பளிச்சென்று தெளிந்துவிடுகிறாளே, மைக்ரேன் என்று சந்தேகிக்க வேண்டிய இடமே அதுதான்!

பெரியவர்களுக்கு 4 மணி நேரமாவது நீடிக்கும் இந்த வலி, பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்திலேயே விட்டுவிடலாம். 2018-இல் வந்த சர்வதேசத் தலைவலி வகைப்பாடே இதை ஏற்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கமாக வலிக்காது. நெற்றியிலோ இரண்டு பொட்டிலுமோ வலிக்கும். வெளிச்சம் கூசுகிறது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. போர்வைக்குள் புகுந்துகொள்வதையும் டிவியை நிறுத்தச் சொல்லி அழுவதையும் பார்த்து நாம்தான் ஊகிக்க வேண்டும். சிலருக்குத் தலையே வலிக்காமல் தொப்புளைச் சுற்றி வயிறு மட்டும் விட்டுவிட்டு வலிக்கும். அதுவும் மைக்ரேனாக இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? குடல்பூச்சி மருந்துதான் கொடுப்பார்கள்.

முதலில் கண்ணாடி, அப்புறம் சைனஸ், கடைசியில் ஸ்கேன் என்று பெற்றோர் அலைகிறார்கள். எந்த ஸ்கேனிலும் மைக்ரேன் தெரியாது. எத்தனை மணிக்கு வந்தது, எப்போது விட்டது, காலையில் சாப்பிட்டாளா, ராத்திரி தூங்கினாளா, அம்மாவுக்கும் இந்த வலி உண்டா என்ற விவரத்தை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார். அதில் பாதி எங்கள் கண்முன் நடப்பது. வகுப்பாசிரியர் பிள்ளையின் டைரியில் நேரத்தைக் குறித்து அனுப்பினாலே பெரிய உதவி.

விடிகாலையில் வலியால் விழிப்பது, வலி வாரத்துக்கு வாரம் கூடுவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, வலிப்பு வருவது எல்லாம் வேறு கதை. உடனே டாக்டரிடம் போக வேண்டும், ஸ்கேனும் தேவைப்படும்.

குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் இதற்கென்றே ஒரு கட்டுரை வாங்கிப் போடுங்கள். தாத்தாவின் ஆஸ்பிரினில் பாதி உடைத்துப் பேரனுக்குக் கொடுக்கும் வழக்கம் எத்தனை ஆபத்தானது என்பதும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்