கிளோஸ்டருக்கு ஒருமுறை போய் வா

அன்பு மகனுக்கு,

பொஸ்டனில் குளிர் குறைந்துவிட்டது என்று சொன்னாய். சரி, அப்படியென்றால் ஒரு சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளோஸ்டருக்குப் போய் வா. ஒரு மணித்தியால ஓட்டந்தான். 1938 ஆகஸ்டில், நம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் கட்டிய கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகம் அது.

அன்னபூரணி என்று நீ சின்ன வயதில் கேட்ட கப்பல்தான். 1930 அளவில், கப்பல் கட்டும் தச்சரான சுந்தர மேத்திரியார் கட்டியது. வேப்பமரம், 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். றொபின்சன் என்ற அமெரிக்கர் ஆசைப்பட்டு அதை வாங்கினார். 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்த மனிதர் அவர். கடலை அப்படி அறிந்தவர் கண்ணுக்கு நம் மேத்திரியாரின் வேலை பிடித்திருக்கிறது என்றால் பார். நம் ஊர்க்காரர் ஐந்து பேர் அதில் பாய் பிடித்துப் போனார்கள். சுயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், அத்திலாந்திக்கையும் தாண்டினார்கள்.

உன் பூட்டனும் மேத்திரிமாரிடம் வேலை செய்தவர். கலப்பத்து, அதாவது தண்ணீர் புகாமல் இடுக்குகளை அடைக்கிற வேலை, அவருடையது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறக்குவார். இறுகாத இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்குமாம். இறுகினால் கணீரென்று வருமாம். அந்தச் சத்தம் வரும்வரை அடுத்த இடுக்குக்கு நகரமாட்டார். ஓர் இடுக்குப் பிழைத்தாலும் நடுக்கடலில்தானே தெரியவரும்!

அவர் மரம் செதுக்கிய வாய்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது. பெருவிரல் அழுத்திப் பிடித்த இடத்தில் பிடி குழிந்திருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சுகிறது, அவருக்குப் பெரிய கை.

பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்த ஊர் இது. நம் சிவன் கோயிலே கப்பலுடையவர்கள் எழுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு கடல் வாணிபத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன, கப்பல் கட்டுவதும் நின்றுபோனது. அப்புறம் யுத்தம். அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

கிளோஸ்டரில் இறங்குதுறை ஓரமாகப் பிள்ளையை நடக்க விடு. இங்கிருந்து போனவர்கள் கால் வைத்த ஊர் என்று சொல்லு. ஒரு படம் எடுத்து அனுப்பு, அம்மாவும் பார்க்க ஆசைப்படுகிறாள்.

வாய்ச்சிக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்தமுறை வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா