முதல் பாடம் நிறுத்துவதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளி மைதானங்களிலும், மனை பிரித்துப் புதிதாகத் தார் போட்ட இடங்களிலும் மாலை வேளையில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் பிள்ளை ஸ்கூட்டரின் முன்பக்கம் உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருக, தந்தையோ மாமாவோ பின்னால் அமர்ந்து, "முறுக்கு, முறுக்கு, பயப்படாதே" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார். 27 ஆண்டுகள் பேருந்து ஓட்டிவிட்டு, ஓய்வுக்குப் பின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டுகள் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் இதுபற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

பிள்ளைகளுக்கு வாகனத்தைப் பற்றி முன்னதாகவே கற்றுத்தரக் கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். பதினெட்டு வயது நிரம்பிய மறுவாரமே எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு, எட்டு போடுவதற்கு மட்டும் பழகி, உரிமம் வாங்கிச் செல்லும் இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரே வரும் லாரி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கவும் அவர்களில் பலருக்குத் தெரியாது. சுவீடனில் 1993-ஆம் ஆண்டு, பெரியவர் ஒருவரின் துணையுடன் கார் ஓட்டிப் பழகுவதற்கான வயதைப் பதினேழரையிலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். உரிமம் பெறும் வயது பதினெட்டாகவே இருந்தது. அந்தக் கூடுதல் காலத்தைப் பழகுவதற்கு நன்கு பயன்படுத்தியவர்கள் பின்னாளில் குறைவான விபத்துகளிலேயே சிக்கினார்கள் என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, சீக்கிரம் தொடங்குவதில் தவறில்லை. எந்த இடத்தில் தொடங்குகிறோம், எதை முதலில் சொல்லித்தருகிறோம் என்ற இரண்டிலும்தான் நாம் தவறுகிறோம்.

முதலில் இடம். "ரோட்டிலா ஓட்டுகிறான், கிரவுண்டில்தானே" என்று பெற்றோர் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர் 'பொது இடத்தில்' மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்த இடமும் பொது இடமே என்று அதே சட்டம் விளக்குகிறது. ஆட்கள் நடைப்பயிற்சிக்கு வரும் மைதானமும், மனை வாங்கியவர்கள் வந்துபோகும் சாலையும் இதில் அடங்கக்கூடும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சிறுவன் வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

பதினாறு வயதில் 50 சிசிக்கு மிகாத வண்டி ஓட்டலாம் என்ற விதிவிலக்கைச் சிலர் நினைவூட்டுவார்கள். டிவிஎஸ் 50 வீட்டுக்கு வீடு நின்ற காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் நூறு சிசிக்கு மேற்பட்டவை. எக்ஸ்எல் கூடக் கிட்டத்தட்ட நூறு சிசிதான்.

சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பயிற்சிப் பள்ளிக் காரில் என் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் பிரேக்கும் இருக்கும். மாணவர் பதறினாலும் வண்டியை நான் நிறுத்திவிடுவேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் தந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. பயந்த பிள்ளை கையிலிருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கையில் இருப்பதோ ஆக்சிலேட்டர். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி சீறிப் பாய்வதற்கு இதுவே காரணம். (டிராக்டர் மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கையும் பிடிக்கச் சொல்லும் விவசாயிகளுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் அது ஒரு பெருமையாகவே நடக்கிறது.)

அப்படியானால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதைக் கற்றுத்தருவது? என் பேரனுக்கும் அவன் தோழர்களுக்கும் நான் செய்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் லாரி, வேலி போட்ட நெற்களத்தில் நின்றிருந்தது. சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். மற்றவர்களை லாரியின் மூக்குக்கு நேர் கீழேயும், இடப்பக்க முன்சக்கரத்தின் அருகிலும், பின்கதவை ஒட்டியும் நிற்கச் சொன்னேன். மேலே இருந்தவனிடம் "எத்தனை பேர் தெரிகிறார்கள்?" என்று கேட்டால், "ஒருத்தரும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்களா?" என்றான். கீழே ஆறு பேர் நின்றிருந்தார்கள். திருப்பத்தில் லாரியின் இடப்பக்கமாகச் சைக்கிளை நுழைக்காதே என்று நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லியும் ஏறாதது, அன்று பத்து நிமிடத்தில் அவர்களுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள் சைக்கிள். களத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கோட்டைத் தொட்ட பிறகே பிரேக் பிடிக்க வேண்டும் என்றேன். மெதுவாக வந்தபோது எங்கே நின்றார்கள், வேகமாக வந்தபோது எங்கே நின்றார்கள் என்று அவர்களையே அடி வைத்து அளக்கச் சொன்னேன். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதைக் கணக்குப் புத்தகம் இல்லாமலே கண்டுகொண்டார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர், ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் ஒரு நொடிக்குள்ளேயே 11 மீட்டர் ஓடிவிடும் என்றபோது, ஒரு சிறுமி எழுந்துபோய்ப் பதினொரு மீட்டரை அளந்து, அந்த முனையில் தன் செருப்பை வைத்துவிட்டு வந்தாள். இஞ்சினை ஒருமுறைகூட இயக்காத இந்த இரண்டு நாள் வகுப்பை நான் உண்மையான ஓட்டுநர் பயிற்சியாகவே கருதுகிறேன். வண்டியைக் கிளப்பக் கற்ற பிள்ளை, அப்பா தூங்கும்போது சாவியைத் தேடும். நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று கண்ட பிள்ளைக்கு அந்த அவசரம் குறைவு என்பதை என் பேரனிடமே பார்க்கிறேன்.

ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக் குறிகள் வரைந்த பயிற்சித் திடலில் காவலர்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தேர்வும் வைக்கிறார்கள். நாம் அதற்குப் புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் பலவற்றில் எட்டும் ஏற்றமும் திருப்பமும் உள்ள தேர்வுத் தளங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளின்றிக் கிடக்கின்றன. சுற்றுச்சுவர் உள்ள தளங்களை மாதம் ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறந்து, சைக்கிளும் நிறுத்தி வைத்த ஒரு பேருந்தும் கொண்டு இத்தகைய வகுப்புகளை நடத்தப் போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். ஊதியம் வேண்டாம், நிழலுக்கு ஒரு பந்தலும் ஒரு குடம் குடிநீரும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.