பையன்களை அனுப்பிவிடாதே

குமுளி,
7 ஜூன் 2025

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் கூடைப்பந்து கிளப்பை நூற்பாலைக்காரர் ஒருவர் எடுத்து நடத்த முன்வந்திருக்கிறார், பையன்களுக்கு மாதச் சம்பளம் தரப்போகிறார், அணியை நிமிர்த்தும் வேலையை உன் தலையில் கட்டியிருக்கிறார் என்பதையெல்லாம் படித்து மகிழ்ந்தேன். கடைசிப் பத்திதான் நெருடியது. "பழைய ஆட்கள் எல்லோருக்கும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு பேரை எடுக்கிறேன், ஒரு வருடம் தோற்றாலும் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறாய். வங்கி மேலாளராக இருந்த கை, ஓய்வு பெற்ற பிறகும் யாரையாவது இடமாற்றம் செய்யாமல் இருக்காது போலிருக்கிறது.

அதற்கு வருமுன் ஊர்ச் செய்தி. கேரளத்தில் மழை இந்த முறை மே 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. போன வருடம் கோடையில் கருகிய ஏலத்தோட்டங்கள் இப்போதுதான் பச்சை காட்டுகின்றன. நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் முதலாளிகளில் பாதிப் பேர் கடனில் இருக்கிறார்கள். மீதிப் பேர் கடனில் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டில் அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகன் கொச்சியிலேயே வீடு பார்த்துவிட்டான். பேரன் எங்களிடம் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் பேசுகிறான். கோபம் வந்தால் மட்டும் கம்பம் தமிழ். கூடைப்பந்தைப் பற்றிப் பேசத்தான் இங்கே ஆளில்லை. பக்கத்துக் கடைச் சேட்டனுக்குப் பந்து என்றால் கால்பந்துதான். கையால் தொட்டாலே ஃபவுல் என்கிறார்.

ஆகையால் எனக்கு விடியற்காலை என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்தான் துணை. குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்குக் காலை ஐந்தரை. அந்த நேரத்தில்தான் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வரும். சோதனைச் சாவடி தாண்டியதும் கியர் மாற்றும் உறுமல் என் வீட்டுக்குள் கேட்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணினால் பயமாக இருக்கும், எண்ணுவதை விட்டுவிட்டேன். இந்த வருடம் அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் விடாமல் பார்த்தது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியை. உன் பன்னிரண்டு பேர் திட்டத்துக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

பிஸ்டன்ஸை உனக்கு நினைவிருக்கும். 1989, 1990 இரண்டு வருடமும் கோப்பை வாங்கிய முரட்டு அணி. பிறகு 2004இல், ஷாக்கும் கோபியும் இருந்த லேக்கர்ஸை நான்குக்கு ஒன்று என்று வீழ்த்தியது. பென் வாலஸும் சான்ஸி பில்லப்ஸும் வேறு அணிகள் வேண்டாமென்று விட்டவர்கள் என்று நீதான் அப்போது மணிக்கணக்காகச் சொன்னாய். அந்த அணிதான் 2008 மே மாதத்துக்குப் பிறகு பிளே ஆஃப் என்ற, முன்னணி அணிகள் மட்டும் மோதும் கடைசிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் கிடந்தது. பல வருடம் அந்தச் சுற்றுக்கே வரவில்லை. வந்த போதெல்லாம் நாலுக்கு நாலு தோல்வி.

2023இல் மான்டி வில்லியம்ஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். ஆறு வருட ஒப்பந்தம், 7.85 கோடி டாலர். அதுவரை எந்தப் பயிற்சியாளருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றார்கள். அப்புறம் இருபத்தெட்டு ஆட்டம் வரிசையாகத் தோல்வி! ஒரே பருவத்தில் இவ்வளவு நீளத் தோல்வி லீக் வரலாற்றிலேயே கிடையாது. சாதனை முறிந்த அன்று, டிசம்பர் 26, கேட் கன்னிங்ஹாம் என்ற பையன் 41 புள்ளி எடுத்தும் புரூக்ளினிடம் தோற்றார்கள். சொந்த ஊர் ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று கூச்சலிட்டார்கள். பருவ முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி.

உரிமையாளர் டாம் கோர்ஸ் விற்கவில்லை, நிர்வாகத்தை மாற்றினார். 2024 மே மாதத்தில் டிராஜன் லாங்டன் தலைவராக வந்தார். அலாஸ்காவில் வளர்ந்தவர், என்.பி.ஏ.வில் மூன்று பருவத்துக்கு மேல் ஆட முடியாமல் ஐரோப்பாவுக்குப் போய், மாஸ்கோ அணிக்காக 2006லும் 2008லும் யூரோலீக் கோப்பை வென்றவர். தூரத்திலிருந்து எறிவதே அவர் பிழைப்பு. வந்ததும் வில்லியம்ஸை, ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் மிச்சம் இருக்கும்போதே, அனுப்பினார்கள். அவருடைய இடத்துக்கு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். இவரும் கிளீவ்லாந்து வெளியேற்றிய ஆள்தான். அங்கே 22 வெற்றியில் கிடந்த அணியை 51 வெற்றி வரை கொண்டுபோயிருந்தார்.

பையன்களை லாங்டன் என்ன செய்தார் என்று பார். கன்னிங்ஹாம், ஐவி, டியூரன், ஸ்டூவர்ட், அசார் தாம்ப்சன் எல்லோரும் இருபத்தெட்டுத் தோல்வியில் தலை குனிந்து நின்றவர்கள். ஒருவரையும் விற்கவில்லை. கன்னிங்ஹாமுக்கு ஐந்து வருட ஒப்பந்தமே போட்டுக் கொடுத்தார். வெளியிலிருந்து எடுத்த முக்கியமானவர்கள் மூன்று பேர். ஏற்கெனவே ஒருமுறை அங்கே ஆடிவிட்டுப் போன டொபையாஸ் ஹாரிஸ். ஒரே ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலரில் மலிக் பீஸ்லி. டல்லாஸ் அணி கைகழுவ நினைத்த டிம் ஹார்டவே ஜூனியர். ஹார்டவேயின் சம்பளச் சுமையை ஏற்றுக்கொண்டதற்காக டல்லாஸ் மூன்று இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும், அதாவது புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் உரிமைகளையும், சேர்த்துக் கொடுத்தது. லீக் அணிகளுக்கு வைத்திருக்கும் சம்பள வரம்பில் இடம் வைத்திருப்பவனுக்கு அடுத்தவன் சுமையும் வரவுதான். இது உன் வங்கி மூளைக்கு உடனே பிடித்துவிடும்.

இந்த மூவரும் செய்த வேலையைக் களத்தில் பார்க்க வேண்டும். முந்திய வருடம் கன்னிங்ஹாம் பந்தோடு உள்ளே நுழைந்தால் எதிரணியில் மூன்று பேர் கூடைக்கடியில் கூடிவிடுவார்கள். வெளியே நிற்பவனுக்குப் பந்து போனாலும் அவன் போடமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த வருடம் அதே நுழைவு, அவனைக் காப்பவனை அதே டியூரன் நின்று மறிக்கிறான். ஆனால் மூலையில் பீஸ்லி நிற்கிறார். அவரைக் காப்பவன் ஓர் அடி உள்ளே வைக்கிறான், திரும்பிப் பார்க்கிறான், மறுபடி வெளியே ஓடுகிறான். அந்தத் தடுமாற்றத்தில் கன்னிங்ஹாம் கூடைவரை நடந்தே போகிறான். உள்ளேயே நின்றுவிட்டால் பந்து மூலைக்குப் பறக்கும். பீஸ்லி கால் ஊன்றுவதற்கு முன்பே கை எழுந்திருக்கும். அந்தப் பருவத்தில் மட்டும் 319 மூன்று புள்ளிக் கூடைகள், அதுவும் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து. கன்னிங்ஹாம் சராசரி 26 புள்ளி எடுத்தான். ஆட்டத்துக்கு ஒன்பது கூடைக்குப் பாஸ் கொடுத்தான். பையன் அதே பையன்தான். நின்று ஆட அவனுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவே.

44 வெற்றி, 38 தோல்வி. பதினான்கிலிருந்து நாற்பத்து நான்கு. புத்தாண்டு அன்று ஐவி கால் முறிந்து படுத்துவிட்டதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

பிளே ஆஃபில் நியூயார்க் நிக்ஸ். இரண்டாவது ஆட்டத்தை நியூயார்க் மண்ணிலேயே 100–94 என்று வென்று, பதினைந்து ஆட்டத் தோல்வித் தொடருக்கு முடிவு கட்டினார்கள். நான்காவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை இரவு என்பதால் வீடே உட்கார்ந்து பார்த்தது. ஒரு புள்ளி வித்தியாசம், கடைசி நொடியில் மூலையிலிருந்து ஹார்டவே எறியும்போது நிக்ஸின் ஜாஷ் ஹார்ட் மேலே வந்து மோதினார், விசில் வரவில்லை. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்த பிறகு நடுவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன, புள்ளி வருமா? ஆறாவது ஆட்டத்தில் நிக்ஸின் புரன்சன் கடைசி ஐந்து நொடிக்குள் போட்ட மூன்று புள்ளியில் கதை முடிந்தது. தோல்விதான், ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உன் "ஒரு வருடம் தோற்றாலும் பரவாயில்லை" என்பதற்கு வருகிறேன். அதையே கொள்கையாக வைத்துக்கொண்டவர்கள் பிலடெல்பியாக்காரர்கள். 2013இல் மேலாளராக வந்த சாம் ஹிங்கி தேறிய ஆட்களை விற்றார், டிராஃப்ட் உரிமைகளைக் குவித்தார். அடுத்தடுத்து 19, 18, 10 வெற்றிகள். 2016 ஏப்ரலில் அவரே ராஜினாமா செய்தார். எம்பீட் என்ற நட்சத்திரம் கிடைத்தார், உண்மைதான். ஆனால் இன்றுவரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. தோற்பதில் லாபம் இருக்கக்கூடாது என்று லீக் 2019இல் டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலையே திருத்தியது. கடைசி அணிக்கு முதல் ஆளை எடுக்க இருந்த 25 சதவீத வாய்ப்பு 14 ஆனது. டெட்ராய்ட் இரண்டு வருடம் தொடர்ந்து கடைசி இடம் பிடித்தும் இரண்டு முறையும் ஐந்தாவது ஆள்தான் கிடைத்தது. அத்தனை தோல்விக்கும் கூலி அதுதான். தோற்றுப் பழகிய பையனின் தோள் தொங்கிப்போவதைச் சரிசெய்ய எந்தக் குலுக்கலும் இல்லை.

காசைக் கொட்டி நட்சத்திரங்களை வாங்கும் வழி உன் முதலாளிக்குத் தோன்றினால் ஃபீனிக்ஸைக் காட்டு. 2023இல் புது உரிமையாளர் வந்த சில நாளிலேயே டுரான்டை வாங்கினார், பிறகு பீலை. லீக்கிலேயே பெரிய சம்பளப் பட்டியல். மூன்று வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள் வெளியே. இந்த வருடம் 36 வெற்றி, பிளே ஆஃப்கூட இல்லை. அவர் முதலில் அனுப்பியவர் யார் தெரியுமா? நம் மான்டி வில்லியம்ஸ்!

ஒக்லஹோமாவை எடுத்து என் மேல் வீசுவாய், தெரியும். அவர்கள் பிரித்துப் போட்டுக் கட்டியவர்கள்தான். இப்போது இறுதிப் போட்டியில் நிற்கிறார்கள். 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கினார் அவர்களுடைய மேலாளர் பிரெஸ்டி. பிறகு 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு பருவம் பொறுத்து, இந்த வருடம் 68. ஆனால் பிரெஸ்டி 2007இலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர். உன் நூற்பாலைக்காரர் உனக்கு எத்தனை தீபாவளி கொடுப்பார்? நேற்றுக் காலை பார்த்தாயா, அந்த 68 வெற்றி அணியையே இந்தியானா ஒரு புள்ளியில் சாய்த்தது. 0.3 நொடி மிச்சம் இருக்கும்போது கூடை போட்ட ஹாலிபர்ட்டனை 2022இல் விற்றுவிட்டது சாக்ரமென்டோ. அவனையும் யாரோ ஒரு மேலாளர்தான் கணக்கு முடித்து அனுப்பினார்.

இங்கே காய்ந்த தோட்டத்தை வாங்குகிறவர்களும் இரண்டு வகைதான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைப்பவர் மூன்று வருடம் காய்க்குக் காத்திருக்க வேண்டும். தூரைப் பார்த்து, செத்ததை மட்டும் எடுத்து நடுவே நடுபவர் அடுத்த வருடமே சாக்கு தைக்கிறார்.

ஆகவே, உன்னிடம் சில கேள்விகள். உன் அணியில் தூரத்திலிருந்து நம்பி எறிய எத்தனை பேர்? ஒருவனும் இல்லையென்றால் மற்றவர்களைத் திட்டிப் பயனில்லை. ரயில்வேயிலும் காவல்துறையிலும் ஆடி முடித்த முப்பத்தைந்து வயதுக்காரர்கள் திண்டுக்கல், மதுரைப் பக்கம் சும்மாதானே இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரை, அதிகம் பேசாதவர்களாகப் பார்த்து எடு. பழைய பயிற்சியாளர் பையன்களைக் காலையில் ஓடவிட்டு, மாலையில் திட்டுவதோடு சரி என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவர்கள் ஆடியதை நீ இன்னும் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். ஒட்டன்சத்திரத்துக்கார இடதுகைப் பையனை "பந்தை விடாமல் வைத்துக்கொள்கிறான், சுயநலக்காரன்" என்கிறாய். யாரிடம் விடுவான்? பக்கத்தில் போட ஆள் நின்றால் பாஸ் தானாக வரும். அவனை வைத்துக்கொண்டே மற்றதை யோசி.

சம்பளத்தை மட்டும் முதல் மாதத்திலிருந்தே தேதி தவறாமல் கொடுக்கச் சொல். சென்ற நிர்வாகம் எட்டு மாதப் பாக்கி வைத்ததால் பையன்கள் ஓடுவதைக் குறைத்தார்கள் என்று உனக்கே தெரியும். அதைத் தீர்க்காமல் நீ வரைபலகையில் அம்பு போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் முகத்துக்கு நேரே கொட்டாவி விடுவார்கள்.

முழங்கால் அறுவை முடிந்த பிறகு படியேறக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா? தங்கை சௌக்கியமா? அவள் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல்.

மாதக் கடைசியில் கணக்கு வேலை ஓய்ந்ததும் திண்டுக்கல் வருகிறேன். ஒரு வாரம் தங்கிக் காலையும் மாலையும் பயிற்சியைப் பார்க்கிறேன். அதுவரை யாருக்கும் கணக்கு முடிக்காதே. முக்கியமாக அந்த இடதுகைக்காரனுக்கு.

உன்,
குள்ளன்