ஏ1 பாஸ் பண்ணினாக் காணாது, அங்க சீவிக்கிறது எப்பிடி எண்டும் சொல்லிக்குடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பர நான் நாள் தவறாம வாசிக்கிற ஆள், சனி ஞாயிறு எண்டா விளம்பரம்கூட விடமாட்டன். அதில வர வர ஜேர்மன் மொழி வகுப்பு விளம்பரம் கூடிக்கொண்டு போகுது. கிளிநொச்சி டவுனிலயும் வவுனியாவிலயும் மதிலுக்கு மதில் அதே நோட்டீஸ்தான், ஏ1 கட்டாயம் பாஸ், உடன விசா எண்டு. ஏ1 எண்டது கலியாணம் கட்டிப் போறவையிட்டக் கேக்கிற முதல் படி ஜேர்மன் சோதின. படிக்கிறது நல்ல விசயம், அதுக்கு நான் எதிரில்ல. ஆனா சோதின பாஸ் பண்ணி விசாவும் கையுமா அங்க போய் இறங்கிற பிள்ளை அடுத்த நாள் விடிய எழும்பி என்ன செய்யோணும், எங்க போகோணும், எதுக்குக் கையெழுத்து வைக்கோணும் எண்டு இஞ்ச ஒருதரும் சொல்லிக்குடுக்கினமில்ல. அத உங்கட பேப்பர் எழுதோணும் எண்டு கேக்கத்தான் இந்தக் கடிதம்.

என்ர மகள் கலியாணம் கட்டி ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில இருக்கிறா. அவவின்ர பிள்ளைப்பேறுக்கு நான் விசிட் விசாவில போய் நிண்டுட்டு வந்தனான். அவையின்ர மாடிவீட்டில கீழ்ப் பிளாட்டில ஒரு அமெரிக்கச் சோடி இருந்தினம், இளம் பிள்ளையள். பெடியனுக்கு அங்கத்த யூனிவர்சிட்டியில இரண்டு வருச வேலை, முடியத் திரும்பிப் போயிடுவினம். அந்தப் பிள்ளை ஊரில நல்ல உத்தியோகம் பாத்தவ, அத விட்டுட்டுப் புருசனோட வந்தவ. நான் இங்கிலீஷ் ரீச்சரா இருந்து பென்சன் எடுத்த ஆள் எண்டபடியா அவ என்னோட கதைக்கத் தொடங்கி, பேந்து பேந்து மேல வந்து போற அளவுக்குப் பழகிட்டா. அமெரிக்கன் எண்டா எங்கட சனத்துக்கு ஒரு நினைப்பு இருக்கு, பாஸ்போர்ட்டக் காட்டினா எல்லாக் கதவும் திறக்கும், அவைக்கென்ன கஷ்டம் எண்டு. அந்தச் சோடி பட்ட பாட்டப் பாத்தா அப்பிடிச் சொல்ல வாய் வராது.

முதல்ல வீடு. ஜேர்மனியில கன வீடுகள் குசினி இல்லாமத்தான் வாடகைக்கு வரும், முந்தி இருந்தவை அடுப்பு, சிங்க், அலுமாரி எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போயிடுவினம். இவை திறப்ப வாங்கிக் கதவத் திறந்தா சுவரில மூடி போட்ட தண்ணிக் குழாய் வாய், முகட்டில லைற் பூட்டுற இடத்தில வயர் தொங்குது, வேற ஒண்டும் இல்ல. குசினி ஓர்டர் பண்ணி வந்து பூட்டுமட்டும் பாத்றூம் பேசினிலதான் கோப்பை கழுவினவையாம். ஊரில இருந்து அனுப்பின கோப்பி மெஷினும் வேலை செய்யேல்ல, ஏன் எண்டா அமெரிக்காவில கறண்ட் 120 வோல்ட், ஜேர்மனியில 230. எங்கட நாட்டிலயும் 230தான், நான் கிளிநொச்சியில இருந்து கொண்டு போன மிக்சி ஒரு அடப்டர் போட்டவுடன ஓடிச்சுது. அத அரைக்க இத அரைக்க எண்டு அந்தப் பிள்ளை மேல வாறதும் அதாலதான்.

வீடு எடுத்தா இரண்டு கிழமைக்குள்ள நகரசபை ஒபிசில போய்ப் பதியோணும், அத அங்க அன்மெல்டுங் எண்டுறது, வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச ஒரு கடுதாசியும் கொண்டு போகோணும். அந்தப் பதிவு இல்லாட்டி கன பாங்க் எக்கவுண்ட் திறக்காது, வரி நம்பர் வராது, வரி நம்பர் வராட்டி சம்பளத்தில கூடக் கழிப்பினம். இவை பதிஞ்சு முடிச்சுப் பாங்குக்குப் போனா ஒரு பாங்க் நீங்கள் அமெரிக்கர் எண்டபடியா ஏலாது எண்டு திருப்பி அனுப்பிப் போட்டுது. அமெரிக்கக் குடிமக்கள் உலகத்தில எந்த மூலையில உழைச்சாலும் வருசா வருசம் தங்கட நாட்டுக்கு வரிக்கணக்குக் காட்டோணும், 2010ல வந்த அவையின்ர சட்டப்படி வெளிநாட்டு பாங்குகளும் அமெரிக்கரின்ர எக்கவுண்ட் விபரம் அங்க போய்ச் சேரப் பண்ணோணும், அந்தச் சோலி வேண்டாம் எண்டு சில பாங்க் அவைய எடுக்கிறதே இல்ல.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வாறது தபால் பெட்டி. இத இஞ்ச இருந்து போற ஒவ்வொரு பிள்ளையும் தெரிஞ்சு வைச்சிருக்கோணும். ஜேர்மனியில மாடிவீட்டுக்கு வீதிப் பேரும் கட்டிட நம்பரும்தான், உள்ளுக்க இருக்கிற பிளாட்டுக்கு நம்பர் இல்லாதது கன இடத்தில. தபால்காரர் பெட்டியில இருக்கிற பேரப் பாத்துத்தான் போடுவார், பேர் இல்லையோ, லெட்டர் வந்த வழியில திரும்பிப் போயிடும். அந்தப் பிள்ளை கலியாணம் கட்டியும் தன்ர பேர மாத்தாம வைச்சிருக்கிறா, பெட்டியில புருசன்ர பேர் மட்டும் ஒட்டியிருந்தது, அவவின்ர மருத்துவக் காப்புறுதிக் காட் அனுப்பினது திரும்பிப் போயிட்டுது, அது ஏன் வரேல்ல எண்டு தெரியாம எத்தின நாள் அலைஞ்சவ. என்ர மருமகன்தான் பெட்டியக் காட்டி, அவவின்ர பேரையும் எழுதி ஒட்டிவிட்டவர். எங்கட பிள்ளையள யோசிச்சுப் பாருங்கோ. எங்கட பொம்பிளைப் பிள்ளையளின்ர பாஸ்போர்ட்டில தகப்பன்ர பேர்தான் இருக்கும், புருசன்ர பாஸ்போர்ட்டில அவரின்ர தகப்பன்ர பேர் இருக்கும், பெட்டியில ஒரு பேர்தான் கிடக்கும். விசாக் கந்தோர் லெட்டர், காப்புறுதி, பாங்க் காட், ரகசிய நம்பர் எல்லாம் அங்க தபாலிலதான் வரும், திகதி போட்டு வரும், நாள் தப்பினா அடுத்த கடுதாசி தண்டத்தோட வரும். முல்லைத்தீவிலயோ மல்லாவியிலயோ தபால்காரருக்கு எல்லாரையும் தெரியும், நம்பர் பிழைச்சாலும் ஆள விசாரிச்சு வீட்ட கொண்டு வந்து தருவார், அதில பழகின பிள்ளைக்கு இது எப்பிடித் தெரியும்? ஏ1 புத்தகத்தில படிவம் நிரப்பப் பழக்கினம், குடும்பப் பேர் எழுது எண்டு கட்டம் போட்டுக் கேப்பினம், அந்தப் பேரத் தபால் பெட்டியில ஒட்டோணும் எண்டு சொல்லினமோ?

இன்னொண்டு. ஸ்ருட்கார்ட் பக்கத்தில கேர்வோஹ எண்டு ஒரு வழக்கம், பள்ளிக்கூடத்தில வகுப்புக் கூட்டுறதுக்கு முறை வைக்கிற மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிழமை முறை வரும். உங்கட முறை வந்திட்டுது எண்டதுக்கு அடையாளமா உங்கட கதவுக் கைபிடியில ஒரு சின்னப் பலகை தொங்கும், அந்தக் கிழமை படி கூட்டித் துடைக்கோணும், வீட்டுக்கு முன்னால வீதியோரம் கூட்டோணும், பனி கொட்டினா அதையும் வழிக்கோணும், முடிச்சுட்டுப் பலகைய அடுத்த வீட்டுக் கதவில கொழுவிவிடோணும். இவையின்ர கதவில பலகை தொங்கினத ஏதோ அலங்காரம் எண்டு நினைச்சு அப்பிடியே விட்டிட்டினம். ஒருதரும் வந்து சொல்லேல்ல. படியில கண்டா முகம் குடுக்காமப் போற சனந்தான் மிச்சம். மகள் போய் விளங்கப்படுத்தினாப் பிறகு அந்தப் பெடியன் வாளியும் துணியுமா மேல் படியில இருந்து கீழ் படிமட்டும் துடைச்சத நான் என்ர கண்ணால பாத்தன், மூலையில கிடந்த மண்ணை விரலால வழிச்சு எடுக்கிறார். அடுத்த நாள் காலமை எதிர்வீட்டுக் கிழவி அவருக்கு வணக்கம் சொன்னவ. வீட்டு ஒப்பந்தத்தில எல்லாம் எழுதிக் கிடந்ததுதான், ஜேர்மனில கிடந்தா ஆர் வாசிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைக் கதையும் அப்பிடித்தான். கடை பூட்டு, சுவரில துளை போடக் கூடாது, புல்லு வெட்டக் கூடாது, போத்தலக் கொண்டு போய்க் கண்ணாடித் தொட்டியில போடக்கூடக் கூடாது. இது சும்மா பழக்கம் இல்ல, 1919ம் ஆண்டு அரசியலமைப்பில ஞாயிறு ஓய்வு நாள் எண்டு எழுதி, இண்டைக்கும் அந்தப் பிரிவு அவையின்ர அரசியலமைப்பில இருக்கு. ஒரு ஞாயிறு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், பெடியன் குளிசை தேடி ஓடித் திரிஞ்சு பெற்றோல் ஷெட்மட்டும் போய் வெறுங்கையோட வாறார், அமெரிக்காவில சூப்பர்மார்க்கெட்டிலயே காய்ச்சல் குளிசை வாங்கலாம், ஜேர்மனியில பார்மசியில மட்டுந்தான். நான் கொண்டு போன பனடோல் காட்டைக் குடுத்தன். ஞாயிறிலயும் முறைக்கு ஒரு பார்மசி திறந்திருக்கும், எது எண்டு மற்றப் பார்மசிக் கதவில ஒட்டியிருக்கும், இது தெரிஞ்சா அவர் அப்பிடி ஓடத் தேவையில்ல. இதுமாதிரிக் கனக்க. வீட்டில ரீவி இல்லாட்டிலும் வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டோணும், அந்தக் கடுதாசி வந்தா ஆரோ ஏமாத்துறாங்கள் எண்டு கிழிச்சு எறியாதேங்கோ. பிளாஸ்ரிக் தண்ணிப் போத்தலையும் எறியாதேங்கோ, கடையில இருக்கிற மெஷினில திருப்பிப் போட்டா 25 சதம் வரும். லைசன்சும் அங்க குடியேறி ஆறு மாசந்தான் ஓடும், எங்கட ஆக்கள் எழுத்தும் ஓட்டமும் திரும்பச் செய்யோணும், எழுத்துச் சோதினைய வேற 12 மொழியில செய்யலாம், அதில தமிழ் இல்ல.

இனி என்ர மனசுக்க கிடந்து குத்துறத எழுதுறன். இந்தச் சோடி விசா இல்லாம பிளேன் ஏறிப் போய் இறங்கி, அங்க நிண்டுகொண்டே வதிவிட அனுமதிக்கு எழுதிக் குடுத்தவை. அமெரிக்கருக்கு அப்பிடிச் செய்யலாம், கனடா, அவுஸ்திரேலியா, யப்பான் மாதிரிச் சில நாட்டுக்காரருக்கும் ஏலும். புருசனோட சேர அந்தப் பிள்ளை ஒரு ஜேர்மன் சோதினையும் எடுக்கேல்ல, சட்டத்திலயே விலக்கு இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு 2007ல இருந்து ஏ1 இல்லாட்டி துணை விசா இல்ல, ப்ளூ கார்ட் எண்ட, படிச்ச ஆக்களுக்குக் குடுக்கிற வேலை அனுமதி மாதிரிச் சில விசாக்காரரின்ர துணைக்கும் இன்னும் சிலருக்கும்தான் விலக்கு. என்னட்டப் படிச்ச ஒரு பிள்ளை புதுக்குடியிருப்பில இருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்ச் சோதின எடுத்து, கேக்கிற பகுதியில விட்டுப்போட்டு வந்து அழுதது எனக்குத் தெரியும், புருசன் அங்க, இவ இஞ்ச. அந்த அமெரிக்கப் பிள்ளையில எனக்கு ஒரு கோவமும் இல்ல, நான் இதச் சொல்லேக்க அவவுக்கே கண் கலங்கிட்டுது. ஆனா இது நீதி இல்லாத சட்டம், எழுதித்தான் ஆகோணும். ஒரு விலக்கும் இல்லாமப் போற எங்கட பிள்ளையள் இன்னும் எவ்வளவு ஆயத்தமாப் போகோணும் எண்டும் இதில இருந்து பாருங்கோ. சோதினை இல்லாமப் போன ஆளே அந்தப் பாடு பட்டுது, சோதின பாஸ் பண்ணிப் போற ஆளுக்கும் அதே பாடுதான் காத்திருக்கு, ஏன் எண்டா சோதினையில இதில ஒண்டும் இல்ல.

அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரைச்சீலைகூடப் போடாம இருந்தா. கேட்டா, இரண்டு வருசந்தானே அன்ரி, போற ஆக்களுக்கு ஏன் எண்டுறா. மொழி வகுப்புக்கும் போகேல்ல, அக்கம்பக்கத்தோட பழகவும் இல்ல, பகல் முழுக்கத் தனிய. நான் அவவுக்கு எங்கட கதையச் சொன்னன். கடைசி யுத்த நேரம் கிளிநொச்சிய விட்டுத் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு ஓடி, கடைசியாச் செட்டிக்குளம் முகாமில கிடக்கேக்க எப்ப வெளிய விடுவாங்கள் எண்டு தெரியாமத்தான் கூடாரத்துக்குப் பக்கத்தில மிளகாய்க் கண்டு வைச்சனாங்கள், காய்ச்சதுகளும் ஆய்ஞ்சு சமைச்சதுகளும் இருக்கு. இரண்டு வருசம் எண்டு கணக்குத் தெரிஞ்ச நீ ஏன் பிள்ளை சும்மா இருக்கிறாய் எண்டு கேட்டன். பேந்து மகளோட போய் மொழி வகுப்பில பதிஞ்சவ. எங்கட பிள்ளையளிலயும் கனபேர் இப்பிடித்தான், பேப்பர் சரிவரட்டும், விசா நிரந்தரமாகட்டும் எண்டு பாத்துக்கொண்டு வருசக் கணக்கில அறைக்குள்ளயே இருக்கினம்.

ஆசிரியர் ஐயா, சனிக்கிழமைப் பேப்பரில அரைப் பக்கம் ஒதுக்கித் தாங்கோ. ஜேர்மனி, சுவிஸ், ஒஸ்ரியாவில இருக்கிற எங்கட ஆக்களிட்ட எழுதி வாங்குங்கோ, தேர்த் திருவிழாப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் வேண்டாம், முதல் மாசத்தில எந்த ஒபிசுக்குப் போனது, எந்தக் கடுதாசி வந்தது, எங்க பிழைச்சது எண்டு எழுதச் சொல்லுங்கோ. அங்க இருக்கிற ஆக்களும் ஊருக்குப் போன் எடுக்கேக்க நல்லா இருக்கிறம் எண்டதோட நிப்பாட்டாம உள்ளதச் சொன்னா, பின்னால போற பிள்ளைக்கு உதவும். மொழி வகுப்பு நடத்திற ரீச்சர்மாரிட்டயும் கேக்கிறன், கிழமையில ஒரு மணித்தியாலம் இதுக்கு விடுங்கோ, வகுப்புக் காசு வாங்கித்தானே படிப்பிக்கிறியள். தபால் பெட்டி விசயத்த நான் வடிவா விளக்கமா எழுதி வைச்சிருக்கிறன், முதல் கிழமைக்கு அதப் போடுங்கோ, காசு ஒண்டும் வேண்டாம். என்ர பேரும் விலாசமும் தனிக் கடுதாசியில வைச்சிருக்கிறன், பேப்பரில போடத் தேவையில்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கிளிநொச்சி.