ஆளைப் பார்த்தால் போதாது, வேலையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம் என்றால், எத்தனை பேருக்குப் பணி ஆணை கிடைத்தது என்ற எண்ணிக்கை செய்தியில் தவறாமல் வருகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்பது வருவதில்லை. இடையில் நின்றுவிட்டால் ஆளுக்குத் திறமை போதவில்லை என்று நிறுவனம் சொல்லும். நிறுவனத்துக்கு மனமில்லை என்று குடும்பம் சொல்லும். நடுவில் நின்று வேலை வாங்கிக் கொடுத்தவரை யாரும் கேட்பதில்லை. அவர் ஆளைப் பற்றி விசாரித்திருப்பார், வேலையைப் பற்றி விசாரித்திருக்க மாட்டார்.

இப்படி வேலை வாங்கிக் கொடுத்துப் பழக்கும் வேலைப் பயிற்றுநருக்கு முதலில் வேண்டியது, ஒரு வேலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் கண். 'பேக்கிங் வேலை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் நின்று பார்த்தால் அட்டையை விரித்து மடிக்க வேண்டும், அடியில் டேப் ஒட்ட வேண்டும், 12 பொட்டலம் எண்ணி வைக்க வேண்டும், மூடி லேபிள் ஒட்ட வேண்டும், தூக்கி அடுக்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் மற்ற எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்து, எண்ணுவதில் மட்டும் தடுமாறலாம். ஒரு பெட்டியில் 11 போகும், இன்னொன்றில் 13 போகும். இரண்டாம் நாளே 'சரிப்பட்டு வராது' என்றுவிடுவார்கள். ஒரு பலகையில் 12 கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒன்றாக வைத்து, பலகை நிறைந்ததும் பெட்டிக்கு மாற்றச் சொன்னால் எண்ண வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பலகை, அதே மேசையில் அரை நாளாவது நின்று பெட்டி கட்டியவருக்குத்தான் தோன்றும்.

அடுத்தது, கற்றுக்கொடுத்துவிட்டு விலகத் தெரிவது. கைபிடித்துக் காட்டுவது, செய்து காட்டுவது, விரலால் சுட்டுவது, பிறகு எட்ட நின்று பார்ப்பது என்று உதவி படிப்படியாகக் குறைய வேண்டும். பயிற்றுநர்கள் அதிகம் சறுக்கும் இடம் வாய்ப்பேச்சு. 'இப்போ டேப் எடு, இப்போ திருப்பு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், முந்தைய படியைப் பார்த்து அடுத்ததைத் தொடங்குவதற்குப் பதிலாக அந்தக் குரலுக்காகவே அவர் காத்திருப்பார். பயிற்றுநர் வராத நாளில் வேலை நின்றுவிடும். பேச்சைக் குறைத்து, படிகளைப் படமாக மேசையில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்குப் பக்கத்து மேசைக்காரர் ஒருவரை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள்.

பார்வையற்றவரைக் கணினி வேலைக்கு அனுப்பும் முன், அங்கே பயன்படுத்தும் மென்பொருளைச் சோதித்தாக வேண்டும். மவுஸைக் கழற்றிவிட்டு, டேப், என்டர் போன்ற விசைகளை மட்டும் வைத்து ஒரு பதிவை முழுதாக முடித்துப் பாருங்கள். பிறகு திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானை ஓடவிட்டுக் கேளுங்கள். பெயரிடாத பொத்தான்களை அது 'பட்டன், பட்டன்' என்றுதான் படிக்கும். எது சேமிப்பது, எது அழிப்பது என்று தெரியாது. படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றாத ஸ்கேன் கோப்பு அதற்கு வெறும் படம். இதை அவர் வேலையில் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தால் பழி ஊழியர் தலையில்தான் விழும்.

காது கேளாதவருக்கான நேர்காணலில் சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல், விண்ணப்பித்தவரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். சைகை மொழியே தாய்மொழியாக வளர்ந்த பலருக்கு எழுத்து மொழி இரண்டாம் மொழி. விண்ணப்பத்தில் வாக்கியம் பிசகியிருப்பதை அறிவுக்குறை என்று எண்ணிவிடக் கூடாது. செய்யப்போகும் வேலையையே செய்து காட்டச் சொல்லலாம்.

சக்கர நாற்காலி என்றதும் வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சரிவு 1:12 (ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம்), கதவுத் திறப்பு 90 செ.மீ. என்று அளந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கழிப்பறைக்குள் போய் அளந்தீர்களா? நாற்காலி முழுதாகத் திரும்ப சுமார் 150 செ.மீ. வட்டம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து, காரணம் சொல்லக் கூச்சப்பட்டு வேலையை விடுகிறார்கள். எவ்வளவு கொடுமை இது! 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தருவதை உறுதிசெய்யச் சொல்கிறது. கழிப்பறையும் அதில் அடக்கம்தான்.

நிறுவனத்திடம் எதைச் சொல்வது என்பதும் கற்க வேண்டிய திறன். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 'காலை மாத்திரையால் முதல் ஒரு மணி நேரம் மந்தமாக இருப்பார், பத்து மணி ஷிப்ட் கொடுங்கள்' என்பது போதும். அதையும் அவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே சொல்ல வேண்டும்.

முகாம் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். வேலைப் பயிற்றுநர்களுக்கான பயிற்சியில் வகுப்பறை நாட்களைக் குறைத்து, தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் நிற்க வைக்கும் நாட்களைக் கூட்டுங்கள். வேலை கிடைத்தவரின் கணக்கை, அவர் வேலையில் சேர்ந்த நாளோடு மூடாமல், 30-ஆம் நாள், 90-ஆம் நாள், ஆறாம் மாதம் என மூன்று முறை நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போனவர் இருந்தால், எந்தப் படியில் தடை வந்தது என்பதையும் அதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைப் பயிற்றுநர் ஒருவர்